ஜப்பானிய ஃபுட் ஹாலில் எதை, எப்படிச் சாப்பிடுவது? கேட்டவர்களுக்குப் பதில்

மாலுக்குள் ராமென் (சூப்பில் போட்ட நூடுல்ஸ்), சுஷி (சோற்றோடு மீனோ காயோ சேர்த்தது), டெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), கறி (சோற்றுக்கு ஊற்றும் கெட்டிக் குழம்பு) எல்லாம் தனித்தனிக் கவுண்டராக இருக்கும் ஜப்பானிய ஃபுட் ஹால் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் இடத்தில் ராமென் கவுண்டரில் நான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் தடவை போகிறோம், நாலு பேர். ஆளுக்கொரு கவுண்டரில் வாங்கி எல்லாரும் பகிர்ந்து சாப்பிடலாமா?

தாராளமாக. ராமெனை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கிண்ணம் கைக்கு வந்த பிறகும் நூடுல்ஸ் அந்தக் கொதிக்கிற சூப்பில் வெந்துகொண்டேதான் இருக்கும், சில நிமிஷத்தில் இழுவை போய்க் குழைந்துவிடும். ஒரு குடும்பம் மற்ற டிரேக்கள் எல்லாம் வரட்டும், சேர்த்துப் படம் எடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். கடைசியில் மூடியை எடுத்தபோது நூடுல்ஸ் உப்பிப்போய், சூப் பாதிதான் இருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை, அந்த சூப்புக்காக முந்தின நாளே அடுப்பு மூட்டியிருந்தோம். அதனால் கொஞ்ச நேரம் வைத்தாலும் ருசி மாறாத சுஷி, எடமாமே (பிஞ்சு சோயா காய்) மாதிரியானவற்றை முதலில் வாங்கி நடுவில் வையுங்கள். டெம்புராவும் ராமெனும் கடைசியில். யாருடைய ராமென் வருகிறதோ அவர் உடனே ஆரம்பிக்கட்டும், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

நான் சுத்த சைவம். காய்கறி உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) என்று போட்டிருக்கிறது, நம்பி வாங்கலாமா?

கேட்காமல் வாங்காதீர்கள். மேலே காய்கறி மட்டும்தான் இருக்கும், ஆனால் அடியில் இருக்கிற சூப் பெரும்பாலும் தாஷி. கொம்பு என்கிற கடற்பாசியையும், புகைபோட்டு மரக்கட்டை மாதிரி காயவைத்துச் சீவிய மீனையும் சேர்த்து இறக்கும் சாறு அது. 1908இல் இகெடா கிகுனாயே என்ற வேதியியலாளர் இந்தக் கொம்புச் சாற்றை ஆராய்ந்துதான் அதற்கு ருசி தருகிற குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பேர் வைத்தார். ஜப்பானியச் சமையலுக்கே ஆதாரம் தாஷிதான், அதனால் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கும்: மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பில், டெம்புராவுக்குத் தரும் தொட்டுக்கொள்ளும் சாற்றில், பொரித்த டோஃபு (சோயா பனீர்) மேல் ஊற்றும் சாஸில், சைவமாகத் தெரிகிற இனாரி சுஷியின் டோஃபு பையில்கூட. சூடான உணவின் மேல் மெல்லிய பழுப்புச் சீவல்கள் ஆவியில் நெளிந்து ஆடினால் அதுவும் அந்த மீன்தான்.

“சைவமா?” என்று கேட்டால் கவுண்டரில் இருக்கும் பிள்ளை மேலே இருப்பதைப் பார்த்து ஆமாம் என்றுதான் சொல்லும். “சூப்பில் மீன் தாஷி இருக்கிறதா, கொம்பு மட்டும் போட்டதா?” என்று கேளுங்கள். வெள்ளரிக்காய் ரோல், அவகாடோ ரோல், உப்புப் போட்ட எடமாமே இவற்றில் பயம் குறைவு. காய்கறி டெம்புரா வாங்கினால் உப்புத் தொட்டுச் சாப்பிடலாம், ஆனால் மாவில் முட்டை உண்டா, இறால் பொரித்த அதே எண்ணெயா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பன்றி இறைச்சி சாப்பிட மாட்டோம். டொன்கொட்சு வேண்டாம் என்று தெரியும், ஷோயு ராமென் வாங்கலாம் இல்லையா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டொன்கொட்சு என்பது பன்றி எலும்பு, அதைப் பல மணி நேரம் கொதிக்கவிடுவதால்தான் சூப் பால் மாதிரி வெளுக்கிறது. ஆனால் ஷோயு (சோயா சாஸ்), ஷியோ (உப்பு), மிசோ என்பதெல்லாம் எதைப் போட்டுச் சுவைகூட்டினார்கள் என்பதைத்தான் சொல்லும், எந்த எலும்பு என்பதைச் சொல்லாது. ஷோயு ராமெனிலும் பன்றி எலும்பு இருக்கலாம், மேலே வைக்கும் சாஷு என்கிற இறைச்சித் துண்டு வழக்கமாகப் பன்றிதான். கோழி எலும்பு மட்டும் போட்ட சூப் எது என்று கேட்டு வாங்குங்கள். கியோசா என்கிற கொழுக்கட்டைக்குள்ளும் பெரும்பாலும் பன்றிக் கொத்துதான், ஜப்பானியக் கறிக்குப் போடும் மசாலாக் கட்டியிலும் விலங்குக் கொழுப்பு சேர்ப்பதுண்டு.

வசாபியை (காரமான பச்சை விழுது) சோயா சாஸில் கரைத்துக்கொள்ளலாமா?

யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மீனின் சுவை அடங்கிவிடும். சுஷியைச் சாய்த்து மீன் பக்கத்தைத் தொடுங்கள், சோற்றைத் தொட்டால் உறிஞ்சிக்கொண்டு உதிர்ந்துவிடும். கையால் எடுத்துச் சாப்பிடுவதும் முறைதான்.

சாப்ஸ்டிக் பிடிக்கவே வராது, கூச்சமாக இருக்கிறது.

கூச்சமே வேண்டாம், ஃபோர்க் கேட்டால் தருவார்கள். பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டு விஷயம்: சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு நேராக மாற்றாதீர்கள். இரண்டும் அவர்களுக்குச் சாவு வீட்டுச் சடங்கு. ராமெனை உறிஞ்சிச் சத்தம் போட்டுச் சாப்பிடுவதில் தப்பில்லை.

மூன்று வயதுப் பையனுக்கு என்ன வாங்கலாம்?

உடோன். மிருதுவாக இருக்கும், துண்டு துண்டாக வெட்டிக் கொடுங்கள். கராகே, அதாவது பொரித்த கோழியும் பிடிக்கும். தகோயாகி (ஆக்டோபஸ் வைத்துச் சுடும் மாவு உருண்டை) வெளியே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே மாவு நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருக்கும், பிளந்து ஆவி போனபிறகு கொடுங்கள். மோச்சி (பிசுபிசுப்பான அரிசி உருண்டை) வேண்டவே வேண்டாம், தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானிலேயே புத்தாண்டு சமயத்தில் அதற்காக எச்சரிக்கை விடுகிறார்கள்.

சோயா சாஸில் கோதுமை உண்டா?

வழக்கமான சாஸில் உண்டு. சோபா (பக்வீட் மாவு) நூடுல்ஸிலும் பல இடங்களில் கோதுமை கலப்பார்கள். ஒவ்வாமை இருந்தால் முதல் வார்த்தையே அதுவாக இருக்கட்டும்.

தனியாகப் போனால் நீங்கள் என்ன வாங்குவீர்கள்?

ஷோயு ராமென், ஒரு முட்டை கூடுதலாக. கவுண்டருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, போனைப் பைக்குள் வைத்துவிட்டு, முதலில் சூப்பை மட்டும் ஒரு வாய் குடிப்பேன்.