பாதி இறக்கத்தில் பிரேக் லிவர் இளகினால்?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழியில் என் சைக்கிளின் ஆயில் டிஸ்க் பிரேக்கில் லிவர் ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது. நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டுப் பார்த்தால் சரியாகிவிடுகிறது. மழையில் கீச்சென்று கத்தவும் செய்கிறது. நான்கு வருடப் பழைய பிரேக் ஆயில். மாற்றினால் போதுமா?

பதில்: ஆயிலை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. டீ குடித்ததும் சரியாகிறது என்றால் கோளாறு சூட்டில் இருக்கிறது. ஏறக்குறைய 1,400 மீட்டர் இறக்கம் முழுக்க லிவரை லேசாக அழுத்தியபடியே வந்தால், சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் ஆறவே ஆறாது. நேர்ச்சாலையில் கையை விடுங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

அப்புறம் ஆயில். லிவரை நாலைந்து முறை அடித்ததும் இறுகினால் பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். உங்கள் பிரேக் ஷிமானோ கம்பெனியுடையது என்றால் மினரல் ஆயில்தான். கார் கடையில் கிடைக்கும் டாட் 4 என்ற பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். மினரல் ஆயிலில் தண்ணீர் கலக்காது. எப்படியாவது புகுந்தால் கீழே இறங்கிக் காலிப்பரில் தங்கும். சூடு அதிகமாகிற இடமும் அதுதான். 100 டிகிரியை நெருங்கினாலே ஆவியாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். லிவர் பஞ்சு மாதிரி ஆவது அதனால்தான். ஸ்ராம் கம்பெனியின் பல மாடல்களுக்கு டாட் 5.1 ஆயில். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்: புதிதில் 260 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டிய ஆயிலுக்கு, ஈரமேறிய பின் தரவிதி கேட்பதே 180தான். நம் மூடுபனிக்கு வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது. எந்த ஆயில் என்பது லிவரின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும், பாருங்கள்.

மழையில் கொஞ்சம் கத்துவது இயல்பு. காய்ந்த பிறகும் கத்தினால், டிஸ்க்கில் உரசும் பிரேக் பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம்; செயினுக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது டிஸ்க்கில் தெறிப்பதுதான் வழக்கமான காரணம். வீட்டில் இருக்கிறதே என்று நீலகிரித் தைலத்தால் துடைக்காதீர்கள், அதுவும் எண்ணெய்தான். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் சுத்தமான துணியும் போதும். எண்ணெய் குடித்த பேடைச் சுட்டுத் தேய்த்து மீட்கலாம் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, மாற்றிவிடுங்கள். எண்ணெய் படாவிட்டாலும் உராய்வுப் பகுதி 0.5 மி.மீ.க்குத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

மலையில் ஓட்டுகிறவர்களுக்கு மெட்டல் பேட் சூட்டையும் மழையையும் நன்றாகத் தாங்கும், சத்தம் சற்று கூடும். ஆனால் டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ (பிசின் வகைப் பேட் மட்டும்) என்று பொறித்திருந்தால் மெட்டல் பேட் போடக் கூடாது. புதுப் பேடைப் போட்டதும் சமதளத்தில் பதினைந்து இருபது முறை வேகமெடுத்து, நிற்பதற்குச் சற்று முன்வரை பிரேக்கைப் பிடித்து, பிறகு கையை எடுங்கள். அதன் பிறகு இறங்கலாம்.