கேள்வி – பதில்: பிளீக்லோ மலையில் அலையும் விமானி

கே: இங்கிலாந்தின் பிளீக்லோ மலையில் மோதிய அமெரிக்க விமானத்தின் கேப்டன் இன்னும் ஆவியாக அலைகிறாராமே, உண்மையா?

ப: விபத்து உண்மை. 1948 நவம்பர் 3. பி-29 குண்டுவீச்சு விமானத்தைப் படமெடுப்பதற்கென்று மாற்றிய ஆர்பி-29 அது. 1946இல் பிகினி தீவு அணுகுண்டுச் சோதனையைப் படம்பிடித்த விமானங்களில் ஒன்று. பெயர் 'ஓவர் எக்ஸ்போஸ்டு'. ஒளி கூடிப்போய்க் கெட்ட படத்தைச் சொல்லும் வார்த்தை, கேமராக்காரர்களின் குசும்பு.

ஸ்காம்ப்டன் விமானத் தளத்திலிருந்து பர்ட்டன்வுட் தளத்துக்குச் சுமார் 140 கி.மீ., அரை மணிக்கும் குறைவான பயணம். உள்ளே தபாலும் சம்பளப் பணமும். மலையைத் தாழ்மேகம் மூடியிருந்தது. தரை தெரியாதபோது கடிகாரத்தையும் வேகத்தையும் வைத்துத்தான் இருக்குமிடத்தைக் கணக்கிட வேண்டும். வம்பு அங்கேதான். மணிக்கு 320 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 40 கி.மீ. எதிர்க்காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டாலே கால் மணியில் 10 கி.மீ. பின்தங்கிவிடுவோம். மலையைத் தாண்டிவிட்டதாக எண்ணி மேகத்துக்குள் இறங்கினால், மலை எதிரே நிற்கும். தளம் வர இன்னும் 50 கி.மீ. இருக்கையில், பிளீக்லோவின் 621 மீட்டர் உயர ஹையர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ் உச்சியருகே மோதியது. 13 பேரும் இறந்தார்கள்.

ஆவிக் கதை வெகு காலம் கழித்து வந்தது. சிதைவுகளுக்கிடையே ஒருவருக்குக் கேப்டனின் மோதிரம் கிடைத்ததாம். பிறகு பறப்பு உடையில் ஓர் உருவம் அவருக்குப் பின்னால் நின்றதாம். இதற்குச் சாட்சி சொன்னவர்களின் பேச்சு மட்டுமே. ஆனால் அந்த மலையில் உருவம் தெரிய ஆவி தேவையில்லை. முதுகுப்புறம் தாழ்ந்த வெயில், எதிரே பனிமூட்டம் இருந்தால் நம் நிழலே பூதாகரமாக, தலையைச் சுற்றி வண்ண வளையத்தோடு பனியில் விழும். சந்தேகமிருந்தால் கையைத் தூக்கிப் பாருங்கள், அதுவும் தூக்கும்.

கே: 1997இல் அதே வட்டாரத்தில் பேய் விமானத்தைத் தேடினார்களாமே?

ப: ஆமாம், மார்ச் 24 இரவு. தாழப் பறந்த விமானத்தைப் பலர் பார்த்தார்கள், வெடிச் சத்தமும் கேட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட மீட்புத் தொண்டர்கள் தேடியும் ஒரு துண்டு தகடு கிடைக்கவில்லை. ஆனால் நில அதிர்வுக் கருவிகளில் ஒலியை மிஞ்சிய வேகத்தில் விமானம் பறந்தால் எழும் அதிர்வு பதிவாகியிருந்தது. பேய்க்கு அந்த வேகம் எதற்கு?

கே: சிதைவை நேரில் பார்க்க முடியுமா?

ப: முடியும். வாகனம் ஏறாத கரிச்சேற்று மேடு என்பதால் எஞ்சின்களும் சக்கரக் கால்களும் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. ஸ்நேக் பாஸ் சாலையின் உச்சியிலிருந்து பென்னைன் வே பாதையில் வடக்கே நடந்து, பிறகு மேற்கே திரும்ப வேண்டும். பாதையை விட்டு விலகியதும் ஆள் உயரப் பள்ளங்கள் குறுக்கிடும். மூட்டத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஓஎல்1 வரைபடம், திசைகாட்டி இரண்டும் கையில் இருக்கட்டும். திசைகாட்டியை எஞ்சின் மேல் வைத்துப் பார்க்காதீர்கள். எஞ்சினிலுள்ள எஃகு, திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிடும். சில அடி தள்ளி நின்று பாருங்கள். விமானத் தோலோ அலுமினியம், அதனால் தொந்தரவில்லை. சின்ன ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள்: 1986ஆம் ஆண்டின் ராணுவச் சிதைவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.