வேளாண் புள்ளியியல்: பணம் கட்டும் முன் ஒரு கணக்கு போடச் சொல்லுங்கள்

பி.எஸ்சி. வேளாண்மை முடிக்கப்போகும் மகள் முதுகலையில் வேளாண் புள்ளியியல் கேட்கிறாள், வேலை கிடைக்குமா என்பது உங்கள் கவலை. கிடைக்கும். விதை நிறுவனங்களுக்கும் பூச்சிமருந்து நிறுவனங்களின் சோதனைப் பிரிவுகளுக்கும் ஆள் தேவை. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியமான ஏ.எஸ்.ஆர்.பி. நடத்தும் நெட் (விரிவுரையாளர் தகுதித் தேர்வு), ஏ.ஆர்.எஸ். (வேளாண் விஞ்ஞானி பணித் தேர்வு) இரண்டிலும் இது தனிப் பாடம். டெல்லி பூசா வளாகத்தில் இதற்கென்றே ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம் ஒன்று இருக்கிறது.

ஆனால் அவளுக்கு இது ஒத்துவருமா? ஒரு ஆர்பிடி சோதனையின் கணக்கைக் கையால் போடச் சொல்லிப் பாருங்கள்; வயலைப் பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிளாக்கிலும் எல்லா ரகத்தையும் குலுக்கல் முறையில் நடுவதுதான் ஆர்பிடி. ஐந்து நெல் ரகம், நான்கு ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு ரகமும் நான்கு முறை, பிளாக்குக்கு ஒன்றாக), 20 பாத்தி. மொத்த டிகிரி (டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 19. ரெப்ளிகேஷனுக்கு 3, ரகத்துக்கு 4 போக, பிழைக்கு, அதாவது இவற்றால் விளக்க முடியாத ஏற்றத்தாழ்வுக்கு, 12. பிழையின் சராசரி வர்க்கம் 0.16 என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டால் பெருக்கி நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.283. 5 சதவீத அளவில், 12 டிகிரிக்கு டி அட்டவணை மதிப்பு 2.179. இரண்டையும் பெருக்கினால் சிடி (கிரிட்டிகல் டிஃபரன்ஸ், அதாவது இரு ரகம் வேறு என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம்), எக்டருக்கு 0.62 டன். அப்படியானால் அரை டன் கூடுதலாக விளைந்த ரகத்தை 'மேலானது' என்று எழுத முடியாது.

பலர் சறுக்குவது வேறு இடத்தில். பாத்திக்கு ஐந்து செடி உயரம் அளந்து, 100 எண்ணையும் அப்படியே கணினியில் ஏற்றிவிடுவார்கள். பிழை டிகிரி 12 என்பது 92 ஆகிவிடும். இல்லாத வித்தியாசமெல்லாம் இருப்பதாகக் காட்டும். ரகம் கொடுத்தது பாத்திக்கு, செடிக்கல்ல. ஐந்தின் சராசரிதான் ஒரு எண்.

அதைவிட மோசம், பிளாக்கைத் தப்பாகப் பிரிப்பது. வாய்மடையிலிருந்து கடைமடை போகப்போக ஈரமும் சத்தும் மாறும். வாய்மடை ஓரத்து ஐந்து பாத்தி ஒரு பிளாக், அதற்கடுத்த ஐந்து இன்னொன்று என்று குறுக்காகப் பிரிக்க வேண்டும். நெடுக்கே பிரித்தால் ஒரே பிளாக்கில் ஒரு ரகம் வாய்மடையிலும் மற்றொன்று கடைமடையிலும் மாட்டும். மண்ணின் வித்தியாசம் பிழையில் சேர்ந்து சிடி பெருத்துவிடும். அறுவடைக்குப் பிறகு இதைக் கணினியில் முழுசாகச் சரிக்கட்ட முடியாது.

இன்னொன்று: 20 சதுர மீட்டர் பாத்தியில் ஓர வரிசைகளைக் கழித்து 13.44 சதுர மீட்டர் மட்டும் அறுத்துவிட்டு, 20-ஆல் வகுத்தால் விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு குறைந்து தெரியும்.

இந்தக் கணக்குகளில் அவளுக்குச் சலிப்பு தட்டவில்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். இந்தக் கணக்குகளைப் போடும் 'ஆர்' என்ற மென்பொருள் இலவசம். அதற்காக ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டாம்.