பள்ளி மெட்ச்சில் பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், டாக்டர் இல்லாத மைதானத்தில் என்ன செய்ய வேண்டும்? எப்போது திரும்ப விளையாட விடலாம்?

நான் டாக்டர் இல்லை. திருகோணமலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் பக்கத்து மைதானங்களில் டாக்டர் நிற்பது அரிது. கோட்டோரம் நிற்கிற சேரோ, பெரிய வகுப்பு அண்ணாவோதான் முடிவெடுக்க வேண்டும். அப்படி நிற்கிறவருக்காகவே இதை எழுதுகிறேன்.

தலை உலுங்கி மூளைக்குப் படும் அதிர்ச்சியைக் கொன்கஷன் என்பார்கள். அது கொன்கஷனா இல்லையா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடுங்கள், அன்றைக்குத் திரும்ப இறக்க வேண்டாம். ஃபைனலாக இருந்தாலும் சரி, ஐந்து நிமிடத்தில் "ஓகே சேர்" என்று அவன் எழும்பி நின்றாலும் சரி. முதல் அடி ஆறுமுன் இன்னொன்று பட்டால் மூளை வீங்கி உயிரே போகலாம். அப்படி நடப்பது அபூர்வம், ஆனால் நடந்திருப்பது பெரும்பாலும் இளம் வயதினருக்குத்தான்.

மயங்கி விழுந்தால்தான் ஆபத்து என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். கொன்கஷன் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மயங்குவதே இல்லை. அதனால் வேறு அடையாளங்களைப் பாருங்கள். எழும்பச் சுணங்குவது, வெறித்துப் பார்ப்பது, கால் தள்ளாடுவது, தன் இடத்தை விட்டு வேறெங்கோ போய் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் அழுவது அல்லது எரிந்து விழுவது. தலை நேராக மோதியிருக்க வேண்டும் என்றும் இல்லை. உடம்பில் பட்ட அடி தலையை உலுக்கினாலே போதும்.

இங்கே இன்னொரு சிக்கல் வெயில். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தலையிடி, தலைச்சுற்று, சத்தி எல்லாவற்றையும் "வெயில் பட்டிட்டுது" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்துத் திரும்ப இறக்கி விடுகிறார்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வெயிலைக் காரணம் சொல்லவே கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே நான் பலரோடு முரண்பட்டிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

கேட்பதற்குச் சில கேள்விகள் உண்டு. இப்ப எந்த மைதானத்தில நிக்கிறம்? முதல் பாதியா, ரெண்டாம் பாதியா? கடைசியா கோல் அடிச்சது யார்? போன மெட்ச் யாரோட, வென்றமா? ஒன்றில் தடுமாறினாலும் விளையாட்டு முடிந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. 2014 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமருக்கு 17ஆவது நிமிடத்தில் அடிபட்டது. அதற்குப் பிறகு அவர் நடுவரிடம் போய், இது இறுதியாட்டமா என்று கேட்டார். 31ஆவது நிமிடம் வரை மைதானத்தில்தான் நின்றார். அவ்வளவு வசதிகள் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், எங்கள் மைதானத்தில் உங்கள் ஒரு பார்வைக்கு எவ்வளவு பெறுமதி என்று யோசியுங்கள்.

பிள்ளை விழுந்து கிடந்தால் கழுத்தில் அடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கை காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுவது, கன்னத்தில் தட்டி எழுப்புவது, தலையை ஆட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். மூச்சு வருகிறதா என்று பாருங்கள். கிரிக்கெட் என்றால், பயிற்சி இல்லாதவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. கழுத்து நோ, வலிப்பு, சத்தி, இரட்டைப் பார்வை, கை கால் விறைப்பு அல்லது பலவீனம், கூடிக்கொண்டே போகும் தலையிடி, நினைவு மங்குவது, சற்று நேரமாவது மயங்கியது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஓட்டோவில் மடக்கி ஏற்றுவதை விட, கழுத்தை அசைக்காமல் காத்திருப்பது நல்லது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மூதூர், கிண்ணியாவுக்குப் பஸ்ஸில் தனியாக அனுப்பி விடுகிற பழக்கம் எனக்குப் பெரிய பயம். அறிகுறிகள் சில மணித்தியாலம் கழித்தும், மறுநாளும் வரலாம். 2019இல் லோர்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தில் அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்துக்கு அதுதான் நடந்தது. அடிபட்ட பிறகு திரும்ப வந்து துடுப்பெடுத்தாடினார், மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்து விலகினார்.

வீட்டில் பனடோல் கொடுக்கலாம், அஸ்பிரினும் இபுபுரோஃபனும் வேண்டாம். டாக்டர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் நித்திரை கொள்ள விடலாம், விடிய விடிய உலுக்கி எழுப்பத் தேவையில்லை. சி.டி. ஸ்கேன் நோர்மல் என்றால் இரத்தக் கசிவு, மண்டையோட்டு வெடிப்பு இல்லை என்று அர்த்தம். கொன்கஷன் அதில் தெரியாது. அதைக் காட்டி "டாக்டரே ஒண்டுமில்லை எண்டிட்டார்" என்று வரும் பெற்றோருக்கு இதை விளங்கப்படுத்துங்கள்.

திரும்ப விளையாடுவதற்கு வருகிறேன். முதல் 24 முதல் 48 மணித்தியாலம் ஓய்வு, போன் பார்ப்பதைக் குறைக்க வேண்டும். இருட்டறையில் படுத்தே கிடக்கத் தேவையில்லை, வீட்டுக்குள் நடக்கலாம். பிறகு மெல்ல நடை, தனியாக ஓட்டம், மோதல் இல்லாத பந்துப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு ஏற்ற வேண்டும். தலையிடி கூடினால் நிறுத்தி, மறுநாள் பார்க்க வேண்டும். இதற்குள் பாடசாலைக்கும் முழுமையாகத் திரும்பியிருக்க வேண்டும். வகுப்பிலேயே எழுத்து மங்குகிற பிள்ளை பந்துக்குப் போகக் கூடாது. மோதல் உள்ள பயிற்சி, அறிகுறி எதுவுமில்லாமல் டாக்டர் சம்மதித்த பிறகுதான், மெட்ச் அதற்கும் பிறகு. பெரும்பாலான பிள்ளைகள் நாலு கிழமைக்குள் தேறிவிடுவார்கள். ஆகவே அடுத்த கிழமை மெட்ச்சுக்கு அவன் பெயரை எழுதாதீர்கள்.