யூட்டிலிட்டி டெக்னீசியன் என்றால் எலக்ட்ரீசியன் வேலைதானா? திருகோணமலையில் செய்யலாமா?

எலக்ட்ரீசியன் வேலை அதில் பாதிதான், தம்பி. மா ஆலையோ சீமெந்து ஆலையோ, மெசின் ஓட்டுவது வேறு ஆட்கள். அதற்குக் கரண்ட், தண்ணீர், காற்று, நீராவி நிற்காமல் போகவேண்டும். அதுதான் எங்கள் பொறுப்பு.

திருகோணமலையிலும் செய்யலாம். அங்கே சீனக்குடாவில் நான் நின்ற இடத்தில் பெரிய தலையிடி, காற்றை அமுக்கித் தரும் கொம்பிரசர். கடற்கரை ஈரக்காற்றை அமுக்கி ஆறவிட்டால் தண்ணீர் பிரியும். வடிகால் வால்வு அடைபட்டால் அது காற்றுக் குழாய் லைனுக்குள் போய் உள்ளே துருப்பிடிக்கும். ஷிப்ட் ஏறியதும் காற்று டாங்கியின் அடி வால்வைத் திறந்து பார்ப்பேன். புஸ்ஸென்று பழுப்புத் தண்ணீர் வந்தால் இரவு ஷிப்ட்காரர் நல்ல நித்திரை!

நீராவி தரும் பொயிலரில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 7 பார் அழுத்தத்தில் நீராவி ஏறக்குறைய 170 பாகை செல்சியஸ். கசியும் வாயில் அது கண்ணுக்கே தெரியாது. சற்றுத் தள்ளித்தான் வெள்ளைப் புகையாகும். கையால் தடவித் தேடாதீர்கள்.

என்.வி.கியூ. (தேசிய தொழிற் தகைமை) 4ஆம் மட்டச் சான்றிதழ் இருந்தால் உதவும்.