டான்சில் அறுவைக்குப் பின் இரத்தக் கசிவு: பெற்றோர் எந்த நாட்களில் விழிப்பாக இருக்க வேண்டும்?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு அடுத்த வாரம் டான்சில் அகற்றும் அறுவை சிகிச்சை. வீடு திரும்பிய பின் இரத்தம் கசியாமல் தடுக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: இந்தக் கசிவு பெரும்பாலான குழந்தைகளுக்கு வருவதில்லை. அதை முற்றிலும் தடுக்கும் வழி இல்லையென்றாலும், அதற்கான வாய்ப்பைக் குறைக்க முடியும்.

முதல் வேலை அறுவைக்கு முன்பே இருக்கிறது. பல் விழுந்தபோதோ சிறு காயத்தின்போதோ மகனுக்கு நெடுநேரம் இரத்தம் நிற்காமல் வந்திருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்கேனும் ஹீமோஃபிலியா, வான் வில்லிபிராண்ட் போன்ற உறைதல் குறைபாடு இருந்தால், அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், மூலிகை மருந்து உட்பட, தெரிவியுங்கள்.

அறுவை முடிந்த முதல் 24 மணி நேரத்தில் ஏற்படும் கசிவு ஒரு வகை. மற்றொன்று பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள் வருவது. பெற்றோர் அதிகம் அறிய வேண்டியது இதைத்தான். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் மூடும். அது சீழ் அன்று. புண்ணைக் காக்கும் மூடி. அதைச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது. குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றும் நாட்களில்தான் அந்தப் படலம் உரிந்து விழுந்து கசிவு வரக்கூடும் என்பதால், ஓட்டம், விளையாட்டு, தொலைதூரப் பயணம் ஆகியவற்றை இரண்டு வாரங்களுக்குத் தவிர்ப்பது நல்லது.

வலியால் விழுங்க மறுக்கும் குழந்தை நீர் குடிக்காது. தொண்டை வறளும், வலி மேலும் கூடும். ஆகவே முதல் சில நாட்களில், வலி வரட்டும் என்று காத்திராமல், பாராசிட்டமாலை மருத்துவர் குறித்த அளவிலும் இடைவெளியிலும் தவறாமல் கொடுங்கள். மருந்து வேலை செய்யும் நேரத்தில் சிறிது சிறிதாக அடிக்கடி நீர் பருகச் செய்யுங்கள். என் கருத்தில் வீட்டுப் பராமரிப்பில் இதற்கு இணையான முக்கியத்துவம் வேறெதற்கும் இல்லை. இபுப்ரோஃபென் தரலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கோடீன் என்ற வலிநிவாரணி கலந்த மருந்தும் வேண்டாம். மூச்சைத் தளரச் செய்யும் ஆபத்தால், இந்த அறுவைக்குப் பின் குழந்தைகளுக்கு அது விலக்கப்பட்டுள்ளது.

எச்சிலில் முதல் நாள் காணும் மெல்லிய இரத்தக் கோடு பொதுவாக அச்சத்துக்குரியதன்று. ஆனால் பளிச்சென்ற சிவப்பு இரத்தம், இரத்த வாந்தி, காப்பித் தூள் நிறத்தில் வாந்தி, உறக்கத்தில் அடிக்கடி விழுங்குவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதம் கூடாது. 20 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்தான். குழந்தையை உட்கார வைத்து, முன்புறம் சாய்த்து, இரத்தத்தை விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். உண்ணவோ பருகவோ எதுவும் கொடுக்காமல் அவசரப் பிரிவுக்கு விரையுங்கள். வழியிலேயே கசிவு நின்றுவிட்டாலும் திரும்பிவிடாதீர்கள். சிறு கசிவைத் தொடர்ந்து பெரிய கசிவு வருவது உண்டு.