4 கிலோ துப்பாக்கி ஏன் இப்படிக் கனக்கிறது?

மகன் அக்னிவீரில் தேர்வாகி நீலகிரி வெலிங்டனுக்குப் பயிற்சிக்குப் போகிறான், ராணுவத்தின் இன்சாஸ் துப்பாக்கி சுமார் 4 கிலோதான் என்று நெட்டில் பார்த்தேன், ஆனால் ஊரில் பட்டாளத்தில் இருந்தவர்கள் கை கழன்றுவிடும் என்று பயமுறுத்துகிறார்கள், எதை நம்புவது, நல்ல துப்பாக்கி என்று எதை வைத்துச் சொல்வார்கள் என்று ஒரு அப்பா கேட்டிருக்கிறார்.

இரண்டுமே உண்மைதான். 4 கிலோ அரிசிப் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு தெருமுனை வரை நடக்கலாம். அதையே கையை முன்னால் நீட்டி ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். பட்டாளத்தில் யாரும் துப்பாக்கியைத் தராசில் வைத்துப் பேசுவதில்லை. எடை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் பேச்சு. மாட்டு வண்டிக்கு முன்பாரம் என்று சொல்வோமே, அதேதான். குழல் பக்கம் பாரம் கூடினால் இடது கை சீக்கிரம் நடுங்கும், குறி ஆடும்.

அப்புறம் தோட்டாவின் எடை. இன்சாஸின் 5.56 மி.மீ. ரவுண்டு, அதாவது தோட்டா, ஒன்று 12 கிராம் அளவில் இருக்கும், இன்சாஸுக்கு முன்பிருந்த எஸ்எல்ஆர் துப்பாக்கிக்கும் 2019-ல் ராணுவத்துக்கு 72,400 வாங்க ஒப்பந்தம் போட்ட சிக்716 துப்பாக்கிக்கும் போடும் 7.62 மி.மீ. ரவுண்டு கிட்டத்தட்ட அதில் இரண்டு மடங்கு. 120 ரவுண்டு சுமந்தால் ஒன்றரை கிலோ வித்தியாசம், அதோடு மலை ஏற வேண்டும். ஆனால் எடை குறைந்தாலே நல்லது என்றும் நினைக்காதீர்கள். அதே தோட்டாவை இலேசான துப்பாக்கியில் போட்டுச் சுட்டால் தோளில் உதை கூடும்.

தரம் என்றால் முதலில் பார்ப்பது, அழுத்தினால் வெடிக்கிறதா என்பதைத்தான். இன்சாஸின் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டி, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக், உள்ளே எத்தனை ரவுண்டு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும், நல்ல யோசனைதான். ஆனால் 1999 கார்கில் குளிரில் அந்த மேகசின்கள் விரிசல் விட்டதாகப் புகார் வந்தது. காஷ்மீரில் பலர் ஏகே-47-ஐ விரும்பியதற்கு, மண்ணும் ஈரமும் பட்டாலும் அது ஓடும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அதனால் துப்பாக்கி கைக்கு வந்ததும் மேகசினைப் பார்க்கச் சொல்லுங்கள். ரவுண்டு வெளியே வரும் வாய் நெளிந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா, மாட்டி இழுத்தால் ஆடுகிறதா. சுடும்போது வரும் சிக்கலில் பெரும்பாலானது அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு சுடும் மைதானமான ரேஞ்சில் ஐந்து ரவுண்டு சுட்டு, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுகிறதா என்று பார்ப்பார்கள். நடுவில் விழாவிட்டால் கவலையில்லை, குறி பார்க்கும் சைட்டைத் திருத்திக்கொள்ளலாம். அங்குமிங்கும் சிதறினால்தான் துப்பாக்கியில் கோளாறா, பையன் மூச்சைப் பிடிக்கத் தெரியாமல் சுடுகிறானா என்ற விசாரணையே ஆரம்பிக்கும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை பையன்தான்!

இப்போதைக்கு டம்பெல் எல்லாம் வேண்டாம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடது கையில் நீட்டிப் பிடித்து, தினமும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள், தோள்பட்டை பழகிவிடும்.